வெள்ளிக்கீற்று விழுந்த ஏலத்தூர்

புது முறம் ஒன்று. அதில் மூன்று சிம்புகளோடு, அதாவது மூன்று தண்டுகளோடு, ஏலக்காய்ச் செடியின் தூர் ஒன்று. அடியை மண்ணோடு சேர்த்து வாழைநாரால் இறுக்கிக் கட்டி, தண்டுகளில் மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, பக்கத்தில் வெற்றிலை பாக்கும் வைத்திருந்தார்கள். போன தை மாதம் என் இளைய மகனுக்குக் கல்யாணம் முடிந்து, பெண்ணை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்த நாள் அது. பெண்ணின் அம்மா வாசலில் நின்று முறத்தை என்னிடம் நீட்டினார். நான் கை நீட்டவில்லை. குனிந்து நடுச் சிம்பின் குருத்தைப் பிரித்து, சுருண்டு கிடந்த இளம் இலையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். நடு நரம்பிலிருந்து ஓரம் வரைக்கும், பச்சைக்கு நடுவே விட்டு விட்டு வெளிறிய கீற்றுகள். "இதக் கொண்டுபோயி அடுப்புல போடுங்க" என்றேன். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அன்று முதல் சூரியநெல்லிப் பக்கம் என்னைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. மங்கலப் பொருளை நெருப்பில் போடச் சொன்னவள், சம்பந்தியை வாசலில் வைத்தே அவமானப்படுத்தியவள், தலை நரைத்தும் கோபம் அடங்காதவள். கோபம் அடங்கவில்லை என்பது உண்மைதான். அது அடங்குவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படித்த காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். அந்த எழுத்து இப்போது உதவட்டும். முறத்தைப் பார்த்ததும் எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வந்தது என்று ஒரு தடவை எழுதிவிட்டால், கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இது என் மதினியைப் பற்றியது. மதினி என்றால் என் அண்ணனின் மனைவி. அந்த உறவை எங்கள் வீட்டார் அறுத்துவிட்டார்கள். நான் அறுக்கவில்லை, அதனால் எனக்கு இன்றைக்கும் அவள் மதினிதான்.

நான் பிறந்தது சாந்தன்பாறையில். போடியிலிருந்து மலையேறி வந்து, காட்டு மர நிழலில் ஏலக்காய்ச் செடி போட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்தக் குடும்பங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் வேலி கட்டி ஒரு தூரைத் தனியாக வளர்ப்பார்கள். அதற்குத் தாய்த்தூர் என்று பெயர். அதன் காயை விற்க மாட்டார்கள், காய் பிடித்த முதல் சரம் அம்மனுக்குப் போகும். தோட்டத்தில் செடி செத்தால் அந்த இடத்தில் வைப்பதற்கும், புதுக் காடு திருத்தினால் நடுவதற்கும் தாய்த்தூரைத்தான் பிரிப்பார்கள். பெண்பிள்ளை சடங்கானால் தாய்மாமன் சீரில் ஒரு தூர். கல்யாணமாகிப் போனால் பிறந்த வீட்டுச் சீரில் ஒரு தூர். விதை போட்டு நாற்று வளர்ப்பதை மட்டும் கேவலமாக நினைத்தார்கள். "விதையில வர்றது எந்தக் காட்டுப் பயலோ, யாரு கண்டா? தூருல வர்றதுதான் நம்ம வம்சம்" என்று எங்கள் அய்யா, என் அப்பா, சொல்வார். சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார். ஏதோ அந்தச் செடியை அவரே பெற்றுப்போட்டது மாதிரி.

வம்சமாம்! ஏலத்தின் உயிர் மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கில் இருக்கிறது. இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் இருப்பதைப் போலத்தான். கிழங்கு பக்கவாட்டில் ஊர்ந்துகொண்டே போய் சிம்புக்குப் பக்கத்தில் சிம்பாக விடும். இரண்டு மூன்று சிம்பும் கொஞ்சம் கிழங்குமாக வெட்டி எடுத்து வேறொரு குழியில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். பூ வேண்டாம், தேனீ வேண்டாம், விதை வேண்டாம். அப்படி வருவதைப் பிள்ளைச்செடி என்கிறார்கள். அது தப்பான பேச்சு. பிள்ளை என்றால் இரண்டு பேர் கலந்து புதிதாக ஒன்று பிறக்க வேண்டும். இங்கே புதிதாக எதுவும் பிறக்கவில்லை. அதே செடிதான் இரண்டு குழியில் நிற்கிறது. இந்தக் குழியில் காய் பெருத்தால் அந்தக் குழியிலும் பெருக்கும். இதன் கிழங்கில் சீக்கு இருந்தால் அங்கேயும் அதே சீக்குதான் முளைக்கும். இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. வாழைக்கன்று வைக்கிற எவருக்கும் தெரியும். எங்கள் அய்யாவுக்கும் நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே அவர் செய்ததுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் தாய்த்தூரின் இளம் இலையில் ஒரு வருஷம் வெளிறிய கீற்று தெரிந்தது. நான் அப்போது பாவாடை கட்டிய பிள்ளை. அண்ணன்தான் முதலில் பார்த்தான். அய்யாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் இலையை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். பச்சைப் பட்டில் சரிகை ஓடியது போலத்தான் இருந்தது, பார்க்க அழகுதான், அதை மறுக்கவில்லை. அம்மன் நம் வீட்டுச் செடிக்கு அடையாளம் போட்டுவிட்டாள் என்று அவர் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கீற்று என்று பெயரும் வைத்தார். வருகிறவர் போகிறவரையெல்லாம் வேலிக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், "மலை முழுக்கத் தேடுங்க, இந்தக் கீத்து வேற எவன் வீட்டுச் செடியிலயாச்சும் இருக்கான்னு" என்று காட்டுவார். வந்தவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். இந்தச் சரிகை என்ன, இது ஏன் போன வருஷம் இல்லை என்று ஒருத்தர் கேட்கவில்லை.

அய்யாவின் தங்கையை உடும்பஞ்சோலையில் கொடுத்திருந்தது. என் அத்தை. அத்தையின் மகள்தான் பிற்பாடு எனக்கு மதினியாக வந்தவள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவள் சடங்கானபோது தாய்மாமன் என்கிற முறையில் அய்யா சீர் எடுத்துக்கொண்டு போனார். நாங்களும் கூடப் போனோம். சேலை, வளையல், மாலை, பலகாரம், அவற்றோடு முறத்தில் தாய்த்தூரின் ஒரு துண்டு. அதை அய்யா தன் கையாலேயே பிரித்தார், வேறு யாரையும் தொடவிடவில்லை. வெள்ளிக்கீற்றுள்ள சிம்பாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். உடும்பஞ்சோலை வீட்டின் பின்புறம் குழி தோண்டி நட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு, "எங்க வீட்டு அடையாளம் இது. மருமக வரும்போது இதுல ஒரு தூரு திரும்பி எங்க வாசலுக்கு வரணும்" என்று தங்கையிடம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மதினி தாவணியின் முனையைத் திருகிக்கொண்டு நின்றாள். அந்தக் காட்சி எனக்கு நேற்று நடந்தது போல இருக்கிறது.

சில வருஷம் கழித்து அவர் கேட்டபடியே நடந்தது. அண்ணனுக்கும் அவளுக்கும் கல்யாணமாகி எங்கள் வாசலுக்கு அவள் வந்தபோது முறமும் கூட வந்தது. அய்யா முறத்தை வாங்கி, குருத்தைப் பிரித்து, கீற்றைக் கண்டதும் துள்ளாத குறை. "பாருங்கய்யா, நம்ம வீட்டுக் கீத்து! போன செடி பொண்ணக் கூட்டிக்கிட்டுத் திரும்பி வந்துருச்சு" என்று பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் இலையைக் காட்டினார். அந்த வாயால்தானே பிற்பாடு மற்றதையும் சொன்னார்!

மதினியை அடக்க ஒடுக்கமான மருமகள் என்று சொல்ல மாட்டேன். அவள் அப்படி இல்லை. சத்தமாகச் சிரிப்பாள், சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் தான் சமைத்ததையே திட்டுவாள், மழையில் அட்டை கடித்தால் அட்டையோடு சண்டை போடுவாள். ஏலத்தைப் பற்றி அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு காரியம் வீணாகப் போகக்கூடாது என்பதில் பிடிவாதம். பழுத்து வெடித்த காய்கள் உலர்த்துவதற்கு ஆகாது என்று ஒதுக்கிப் போடுவார்கள். அவள் அந்த விதைகளைச் சாம்பலில் புரட்டி, ஓடைக்கரையில் ஒரு பாத்தி போட்டுத் தூவினாள். வெகுநாள் கழித்துத்தான் முளைத்தது. புல் மாதிரி மெல்லிசாக. அண்ணன் சிரித்தான். அய்யா முகம் சுளித்தார். "வந்தா வருது, வராட்டிப் போகுது. எனக்கென்ன, அள்ளிப் போட்ட குப்பைதான?" என்றாள் மதினி. நானும் அவளும் தினமும் அந்தப் பாத்திக்குத் தண்ணீர் தெளிப்போம். அங்கே உட்கார்ந்துதான் அவள் என்னிடம் எல்லாம் பேசுவாள். வயிற்றில் ஒன்று தங்கிக் கலைந்ததையும் அங்கேதான் சொன்னாள்.

அவள் வந்த பிறகு தோட்டம் சரிந்தது என்று சொன்னார்கள். வந்த பிறகு சரிந்தது, வந்ததால் சரியவில்லை. தோட்டம் முழுக்கத் தாய்த்தூரிலிருந்து பிரித்து நட்ட செடிகள்தான் இருந்தன. ஒவ்வொரு மழைக்கும் புதுச் சிம்பு முந்தியதைவிடக் குட்டையாக வந்தது. ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து நின்ற செடிகள் இடுப்பளவாயின, பிறகு முழங்காலளவாயின. இலை முழுக்கத் தேமல் படர்ந்தது. சரம் நீளவில்லை. காய் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்தது. கட்டைப்பட்டுப் போச்சு என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். செத்த செடியைப் பிடுங்கிய குழியில் அய்யா என்ன செய்தார் தெரியுமா? தாய்த்தூரிலிருந்து இன்னொரு துண்டை வெட்டி வைத்தார். அதுவும் கட்டைப்பட்டது. மறுபடி வெட்டி வைத்தார். அம்மன் அடையாளம் போட்ட செடி பொய்க்குமா என்ன! அவருடைய பெருமை சீக்குச் செடியை ஒவ்வொரு குழிக்கும் சுமந்துபோய் ஊன்றியது.

பெருமைக்குப் பழி வரக்கூடாது, அதனால் பழிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆள் வீட்டிலேயே இருந்தாள். பிள்ளை தங்காதவள், சத்தமாகச் சிரிக்கிறவள், வரும்போதே முறத்தில் செடியோடு வந்தவள். ஒரு நாள் காலையில் அய்யா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், மதினி கொண்டுவந்து நட்டிருந்த தூரை வேரோடு தோண்டி வாசலில் எறிந்தார். "அவ கால் வச்ச நேரம், காடே கட்டையாப் போச்சு. உடும்பஞ்சோலைச் சீக்க முறத்துல வச்சுக் கொண்டாந்துட்டா" என்று சத்தம் போட்டார். நான் மாடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் ஓடி வந்தேன். மதினி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். கிடந்த செடியைப் பார்த்தாள். பயப்படவில்லை.

"மாமா, அது உடும்பஞ்சோலைச் செடியா? என் சடங்குக்கு நீங்க சீரு கொண்டாந்தீகளே, அந்தத் தூரத்தான நான் திருப்பிக் கொண்டாந்தேன்? ஒங்க கையால வெட்டுனது, ஒங்க கையால நட்டது. அதுல சீக்கிருந்தா, அந்தா வேலிக்குள்ள நிக்கிதே, அதுல இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதில் ஒரு சொல் அதிகம் இல்லை, ஒரு சொல் பொய் இல்லை. வேலிக்குள் இருந்த தாய்த்தூரும் வாசலில் கிடந்த தூரும் ஒரே இலையோடு, ஒரே கீற்றோடு இருந்தன. கண் இருக்கிற யாரும் பார்க்கலாம். அய்யா பார்க்கவில்லை. மாமனாரை எதிர்த்துப் பேசினாள், அம்மன் செடியைப் பழித்தாள் என்று அதுவும் அவள் கணக்கில் சேர்ந்தது. "பொட்டியக் கட்டு" என்றார். நான் கத்தினேன். "நீங்கதான அய்யா பந்தல்ல எலையக் காட்டிச் சிரிச்சீங்க? அன்னைக்கி நம்ம கீத்து, இன்னைக்கி அவ சீக்கா?" என்று கேட்டேன். அவர் என்னை அடிக்கக் கை ஓங்கினார். அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். நான் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தேன். திறந்தபோது வாசலில் மதினி இல்லை. பிடுங்கிப் போட்ட செடி மட்டும் கிடந்தது.

அண்ணன் எங்கே என்று கேட்பீர்கள். அங்கேதான் நின்றான். வெற்றிலைக் கொடிக்காலில் நட்டு வைத்த முருங்கைக் கம்பு மாதிரி. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டிப் போகும்போது ஒரு தடவை அவன் முகத்தைப் பார்த்தாளாம். அவன் தரையைப் பார்த்தானாம். அம்மா பிறகு சொன்னது. அய்யா மீதாவது எனக்கு வெறும் கோபம்தான். அண்ணன் மீது இருப்பதற்குக் கோபம் என்ற சொல் போதாது. அந்தக் கீற்றை முதலில் பார்த்தவன் அவன். அது எந்த வருஷம் வந்தது, எந்தச் செடியில் வந்தது, யார் கொண்டுபோனது, யார் கொண்டுவந்தது, எல்லாம் தெரிந்தவன் அவன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கு மலைப்பாதையில் தனியாக நடந்திருக்க மாட்டாள்.

மறுநாள் அய்யா ஓடைக்கரைப் பாத்தியைக் கொத்திப் போட ஓர் ஆளைக் கூட்டி வந்தார். "அவ போட்டது ஒண்ணும் இருக்கக் கூடாது." நான் ஓடிப்போய்ப் பாத்தியின் நடுவில் நின்றுகொண்டேன். கொத்த வந்தவர் என்னைப் பார்த்தார், அய்யாவைப் பார்த்தார். "நீ என்னைய வெட்டிட்டுத்தான் கொத்தணும்" என்றேன். ஓடைக்கு அக்கரையில் துணி துவைத்த பெண்கள் எழுந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்ததும் அய்யா திரும்பிப் போய்விட்டார். நான்கு பேர் பார்த்தால் மட்டும் அவருக்கு வெட்கம் வரும். அந்தப் பாத்தியில் நாற்றுகள் ஒரு சாண் வளர்ந்திருந்தன. நான் ஒவ்வொன்றின் குருத்தையும் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கீற்று இல்லை. அதே தோட்டத்துக் காயின் விதைதான், ஆனால் அத்தனையும் மாசு மறுவில்லாத பச்சை. வம்சம் தெரியாத காட்டுப் பயல்கள் மட்டும் நலமாக இருந்தார்கள். கிழங்கில் இருக்கும் சீக்கு விதைக்குப் போவதில்லை என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. கண்ணில் பட்டது, அவ்வளவுதான். ஓடிப்போய் அண்ணனிடம் தாய்த்தூரின் இலையையும் நாற்றின் இலையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "இப்பப் போயி இதக் காட்டி என்னா செய்ய?" என்றான். போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். எழுந்து வெளியே போனான். உடும்பஞ்சோலைப் பக்கம் போகவில்லை. அடுத்த ஆவணியில் போடியிலிருந்து அவனுக்கு வேறொரு பெண் பார்த்துக் கட்டி வைத்தார்கள். கட்டிக்கொண்டான்.

அதன் பிறகு என் கல்யாணம். சூரியநெல்லிப் பக்கம் புதிதாக ஏலம் போட்டிருந்த குடும்பம். சீர்த்தூரைப் பிரித்து முறத்தில் வைத்துப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டியது அத்தை முறை. எங்களுக்கு இருந்த ஒரே அத்தை உடும்பஞ்சோலை அத்தை. மகளை எந்தச் செடியைச் சொல்லி விரட்டினார்களோ, அந்தச் செடியைப் பிரித்துக் கொடுக்க அவளையே கூப்பிட்டார்கள்! கூப்பிட்டவர்களுக்குக் கூசவில்லை. அவளும் வந்தாள். "என்ன செய்ய தாயி, மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று என் கன்னத்தைத் தொட்டாள். கண் சிவந்திருந்தது. வேலிக்குள் நுழைந்து, அதற்குள் முழங்கால் உயரத்துக்குச் சுருங்கிவிட்டிருந்த தாய்த்தூரில் ஒரு துண்டை வெட்டி, மஞ்சள் பூசி, முறத்தோடு என் முன்னால் வந்து நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள்.

"அத்தை, அதக் கீழ வைங்க" என்றேன். அய்யா பல்லைக் கடித்தார். "என்னா புள்ள பேசுற?" என்றார். நான் குருத்தைக் கிழித்து இலையை எல்லாருக்கும் தெரியும்படி பிடித்தேன். அவர் பந்தலில் பிடித்துக் காட்டினாரே, அதே மாதிரி. "இந்தக் கீத்துள்ள செடியக் கொண்டாந்தான்னுதான மதினிய வெரட்டுனீங்க? இப்ப அதே கீத்துள்ள செடிய எங்கிட்டக் குடுத்து அனுப்புறீங்க. நாளைக்கி இவுக தோட்டமும் கட்டைப்பட்டா, என்னைய எங்க வெரட்டச் சொல்றீங்க?" என்று கேட்டேன். அத்தை முறத்தைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கல்யாணச் சேலையோடு ஓடைக்கரைக்குப் போய், மதினியின் பாத்தியிலிருந்து கைகொள்ளும் அளவுக்கு நாற்றுகளைப் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். சீர் இல்லாமல் வந்தவள் என்று என் மாமியார் வருஷக்கணக்காகக் குத்திக் காட்டினார். மாமனார் மட்டும் நாற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பச்சை நல்லாத்தான் இருக்கு, நட்டு வைங்க" என்றார்.

விதைச்செடி காய்ப்பதற்குத் தாமதமாகும். அந்தக் காத்திருப்பு முழுவதும் மாமியாரின் வாயைக் கேட்டுக்கொண்டுதான் நடந்தது. காய்த்தபோது வாய் அடங்கியது. ஒன்றுக்கு ஒன்று வேறுபாடாக இருந்தன அந்தச் செடிகள். ஒன்றில் காய் நீளம், ஒன்றில் உருண்டை, ஒன்று சீக்கிரம் பூக்கும், ஒன்று சோம்பேறி. ஆனால் நின்றன. சில வருஷம் போனதும் எங்கள் தோட்டத்திலும் அங்கங்கே கீற்று தலைகாட்டியது. எப்படி வந்தது என்று தெரியாது. கண்ட அன்றைக்கே அந்தத் தூரைத் தோண்டி எரித்தோம், குழியில் புது நாற்று வைத்தோம். உடும்பஞ்சோலையில் மதினியும் பிறந்த வீட்டுப் பின்புறத்தில் பாத்தி போட்டிருந்தாள். நான் வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய் அவளோடு தங்குவேன். என் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு பழையபடி சத்தமாகச் சிரிப்பாள். ஆனால் சிரித்து முடித்ததும் திரும்பி வாசலைப் பார்ப்பாள். அந்தப் பார்வை சாந்தன்பாறையில் இருந்த காலத்தில் கிடையாது.

சாந்தன்பாறைத் தோட்டம் கடைசிக் குழி வரைக்கும் செத்தது. தாய்த்தூரும் செத்தது. அய்யா ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். கம்பு ஊன்றி வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நாற்று கொடு என்று கேட்டார். எனக்கு இரக்கம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சொன்னேன்: "இது மதினி செடி அய்யா. உடும்பஞ்சோலைக்குப் போயி அவகிட்டக் கேளுங்க. கேட்டா அள்ளிக் குடுப்பா." அவள் கொடுத்திருப்பாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போனார். உடும்பஞ்சோலைக்குப் போகவில்லை. தோட்டத்தை விற்றுவிட்டுப் போடிக்கு இறங்கினார். ஒரு பெண்ணிடம் போய் நின்று, நான் சொன்னது தப்பு என்று சொல்வதைவிடத் தோட்டமே போகட்டும் என்று இருந்துவிட்டார். சாகும்வரைக்கும், உடும்பஞ்சோலைச் சீக்கு தன்னை அழித்தது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மதினி செத்து மூன்று மழை ஆகிறது. காய்ச்சலில் போனாள். தகவல் கேட்டு அண்ணன் அவளுக்குப் போர்த்தக் கோடிச் சேலையோடு உடும்பஞ்சோலைக்கு வந்தான். தலை முழுக்க நரைத்து, முதுகு வளைந்து, வாசலில் வந்து நின்றான். முறை செய்ய வந்தானாம். நான் வழியை மறித்துக்கொண்டு, "உசுரோட இருக்கையில இவளுக்கு ஒரு முழம் துணி வாங்கிக் குடுத்தியா?" என்று கேட்டேன். அப்போதும் அவன் தரையைத்தான் பார்த்தான். அத்தை உள்ளேயிருந்து, "விடு தாயி, போட்டுட்டுப் போகட்டும்" என்று சொன்னதால் விட்டேன். அவள் சொல்லியிருக்காவிட்டால் விட்டிருக்க மாட்டேன். கோடியைப் போட்டுவிட்டுப் போனான்.

இதெல்லாம் தெரியாதவர்கள்தான் போன தை மாதம் என் வாசலில் மங்கலம் கெட்டுவிட்டது என்று முணுமுணுத்தார்கள். முறத்தை நீட்டிய சம்பந்தியம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "எங்க செடி வேண்டாம்னா, எங்க பொண்ணும் வேண்டாம்னுதான அர்த்தம்?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் என் மருமகள் நின்றாள். மாலையின் கனத்தில் கழுத்துக் குனிந்து, உதடு துடித்து, உள்ளே வருவதா திரும்பிப் போவதா என்று தெரியாமல் ஒரு காலைப் படியில் வைத்தபடி. பக்கத்தில் என் மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! "நிமிந்து பார்றா. ஒம் பொண்டாட்டி வாசல்ல நிக்கிறா. வாயத் தொறந்து கூப்பிடு" என்றேன். அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "உள்ள வா" என்று அவளைக் கூப்பிட்டான். குரல் கம்மித்தான் வந்தது, ஆனால் வந்தது.

நான் முறத்திலிருந்த தூரை எடுத்து மகனிடம் கொடுத்தேன், அவன் அதைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தான். ஈரத் தண்டு புகைந்து ஏலத்தின் வாசம் வீடு முழுக்கப் பரவியது. நான் மருமகளின் கையைப் பிடித்துப் படியேற்றினேன். "செடிதான் வேண்டாம்னேன். நீ உள்ள வா தாயி" என்றேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. என் அய்யாவுக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை.